பதினோரு நாள் பேரீச்சம்பழம்

எங்கள் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் பேரீச்சம்பழம் கேட்டு எங்கள் வீட்டுக்கு ஆள் வந்துவிடும். வீட்டுக்காரர் சவுதியில் டிரைவராக இருப்பதால், எங்கள் வீட்டுக் கொல்லையில் பேரீச்ச மரமே நிற்கிறது என்று அருப்புக்கோட்டையில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் இல்லை என்று சொல்வதில்லை. ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டு, பிள்ளை இன்றைக்கு எத்தனை துணி நனைத்தது என்று கேட்பேன். வந்தவர்கள் விழிப்பார்கள். தாய்க்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறீர்களா என்றும் கேட்பேன். பழம் வாங்க வந்த இடத்தில் இவள் ஏன் போலீஸ்காரி மாதிரி விசாரிக்கிறாள் என்று அவர்கள் முகத்திலேயே எழுதியிருக்கும். அவ பிள்ளைய அவ பாத்த லட்சணம் ஊருக்கே தெரியும் என்று ஒருத்தி சொன்னதாக இன்னொருத்தி வந்து வத்தி வைத்தாள். சொன்னது பொய் இல்லை. அதனால் எனக்குச் சண்டை போட வாய் வரவில்லை.

நான் பேரீச்சம்பழம் தின்று எட்டு வருஷம் ஆகிறது. நோன்பு திறக்கும் நேரத்தில் எல்லாரும் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் பாங்குச் சத்தத்துக்குக் காத்திருக்க, நான் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருப்பேன். பழத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பிள்ளை பெற்ற உடம்புக்கு அது நல்லதுதான். ரத்தம் ஊறும், இடுப்புக்குத் தெம்பு வரும். ஒரு நபியைப் பெற்ற தாய்க்கு வலி கண்ட நேரத்தில் அல்லாஹ் கொடுத்ததே அந்தப் பழம்தான் என்று கேட்டு வளர்ந்தவள் நான். குற்றம் பழத்தில் இல்லை. பழத்தை நம்பிக்கொண்டு நாங்கள் செய்யாமல் விட்டதில் இருக்கிறது.

மகள் பிறந்தது சித்திரை வெயிலில். முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பதால் ஏழாம் மாதமே பந்தல்குடிக்கு வந்துவிட்டேன். அண்ணன் அங்கே தூத்துக்குடி ரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டில் அம்மா, அண்ணன், மதினி, அவர்களுடைய நான்கு மாத மகன். எங்களைப் பெற்ற அத்தா போய் வெகு காலம் ஆகிவிட்டது. அண்ணன் மகன் எனக்கு மருமகன் முறை. நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போதே, பிறப்பது பொட்டப்பிள்ளையாக இருந்தால் இவனுக்குத்தான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைப்பவர்கள் உண்டு. அம்மா கல்யாணமே வைத்துவிட்டாள்.

அதை விளையாட்டுப் பேச்சு என்று இன்றைக்கு நான் தட்டிக் கழித்தால் அது பொய். எனக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தாய் வீடு என்பது தாய் கண் மூடும் வரைதான். அதற்குப் பிறகு அது அண்ணன் வீடு. மகளை அங்கே கொடுத்துவிட்டால் எனக்கு அந்த வாசல் கடைசி வரை அடைபடாது. அம்மாவும் அதைத்தான் நினைத்தாள். என் மேல் இருந்த பாசத்தில்தான் நினைத்தாள். அதனால்தான் அவளை முழுசாக வெறுக்கவும் என்னால் முடியவில்லை.

பிரசவம் அருப்புக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது. பிள்ளை திரும்பவில்லை என்று ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அண்ணன் ஒரு பேரீச்சம்பழத்தை நன்றாக மென்று, விரல் நுனியில் எடுத்து, பிள்ளையின் மேலண்ணத்தில் தடவினான். எங்களில் பிறந்த பிள்ளைக்கு முதலில் அந்த இனிப்பைத்தான் காட்டுவது. அது கண்ணை மூடிக்கொண்டே சப்புக்கொட்டியது. எல்லாரும் சிரித்தோம். அந்த வாய்க்கு அப்போதே நன்றாகச் சப்பத் தெரிந்திருந்தது.

எனக்குத்தான் பால் இறங்கவில்லை. ஆபரேஷன் பிள்ளைக்கு ரெண்டு நாள் தாமதமாகும், விடாமல் மாரில் போடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று நர்ஸம்மா சொன்னார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போதும் சொட்டுச் சொட்டாகத்தான் இருந்தது. எட்டாம் நாள் வந்து தையலைக் காட்ட வேண்டும், பிள்ளையையும் எடை போட வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அம்மா சீட்டை வாங்கி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பத்தியம் தொடங்கியது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பது அம்மாவின் சட்டம். நர்ஸம்மா சொன்னது ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிட்டது. ஒரு வேளைக்கு வெந்நீர் அரை டம்ளர், அதுவும் சாப்பிட்ட பிறகு. மற்றபடி பால் ஊறப் பால்சுறாப் புட்டு, பூண்டு, முருங்கைக்கீரை. எல்லாவற்றுக்கும் மேலே பேரீச்சம்பழம். வீட்டுக்காரர் ஊருக்கு வந்த ஒருவரிடம் ரெண்டு பெட்டி கொடுத்து அனுப்பியிருந்தார். காலையில் ஏழு, மதியம் ஏழு, பொழுது சாய ஏழு. கறுப்பாக, சதைப்பிடிப்பாக, தேன் ஒழுகும் பழம். முதல் நாள் ருசித்தது. மூன்றாம் நாள் அதைப் பார்த்தாலே குமட்டியது. இனிப்பு தின்றால் தாகம் எடுக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தகரம் போட்ட அறை, வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடக்கிற வெயில், காதில் துணியைக் கட்டிக்கொண்டு நான். மதினி தண்ணீர்ப் பானையை நகர்த்தும் சத்தம் கேட்டால் எனக்கு அழுகை வரும். எடுத்துக் குடித்திருக்கலாம். கையா கட்டியிருந்தது? குடித்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். இருபத்தாறு வயதில், ஒரு பிள்ளைக்குத் தாயாகி, தண்ணீர் குடிக்க அம்மாவுக்குப் பயந்தேன்.

வீட்டுக்காரர் தினமும் வீடியோவில் வருவார். பழம் சாப்பிட்டாயா, எத்தனை சாப்பிட்டாய் என்று கேட்பார். பெட்டியைக் காட்டச் சொல்வார். பெட்டி குறைந்திருந்தால் அவர் முகம் தெளியும். அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு அவரால் அனுப்ப முடிந்தது பழம் மட்டும்தான். அது தீர்ந்தால் பால் வரும் என்று அவரும் நம்பினார். பால் வருகிறதா என்று அவர் கேட்டால் வருகிறது என்று சொல்லிவிடுவேன்.

அதே வீட்டில், பத்தடி தூரத்தில், பால் இருந்தது. மதினிக்கு அவள் மகன் குடித்தது போக மிச்சம். என் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் அவள் நைட்டி முன்பக்கம் நனைந்துவிடும். மேலே துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். எத்தனை முறை போவாள்? ஏழாம் நாள் மத்தியானம், அம்மா அடுப்படியில் இருந்த நேரம், மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்தாள். பிள்ளை முகத்தை அவள் பக்கம் திருப்பி வாயைத் திறந்துகொண்டு தேடியது. அவள் ஊக்கைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அம்மா பூண்டுப் பாலோடு உள்ளே வந்துவிட்டாள்.

எங்களில் ஒரு சட்டம் உண்டு. ஒரு தாயிடம் பால் குடித்துவிட்டால் அந்தப் பிள்ளை அவளுக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. அவள் பெற்ற பிள்ளைகள் எல்லாம் அதற்குக் கூடப் பிறந்தவர்கள். அவர்களுக்குள் கல்யாணம் கூடாது.

அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மதினியின் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

"ஒரு வாய் உள்ள போனாலும் அண்ணன் தங்கச்சி ஆயிரும். தெரிஞ்சுதான் செய்றியா?" என்றாள்.

"பிள்ள பசியில கெடக்கு மாமி. என்னைக்கோ நடக்கப் போற கல்யாணத்துக்கு இன்னைக்கு என்ன?"

"நாளைக்குப் பால் எறங்கிரும். இத்தனை பழம் சும்மாவா உள்ள போயிருக்கு?"

மதினி என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் அந்த நேரத்தில் என் ஒரு சொல்லுக்குக் காத்திருந்தவள் அவள் ஒருத்திதான். நான் என்ன சொன்னேன் என்பதை இந்த எட்டு வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா தடுத்துவிட்டாள் என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன்.

"விடுங்க மதினி. நாளைக்கு வந்துரும்" என்றேன்.

கல்யாண ஆசை மட்டும் இல்லை அது. என் பிள்ளை இன்னொருத்தியின் மார் பக்கம் வாயைத் திறந்துகொண்டு திரும்பியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் இல்லாதது அவளிடம் வழிகிறதே என்ற எரிச்சல். பசித்த பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு நான் பொறாமைப்பட்டேன். மதினி ஊக்கைப் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். டப்பாப் பாலாவது வாங்கிக் கொடுத்திருக்கலாம். அண்ணன் வாங்கிவரட்டுமா என்று கேட்கவும் செய்தான். ரப்பரைச் சப்பிவிட்டால் அப்புறம் மாரைப் பிடிக்காது, இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று அம்மா சொன்னாள். ஒரு நாள், ஒரு நாள் என்றே நாள் போனது. இடைநேரத்துக்குப் பழத்தை ஊறப்போட்டுப் பிழிந்து, அந்தத் தண்ணீரைத் துணி நுனியில் நனைத்து வாயில் வைத்தாள். தாய் தின்றும் வராத பாலுக்கு, பிள்ளைக்கே நேராகப் பழம்.

ஒன்பதாம் நாள் பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டது. வீடு அமைதியானது. எல்லாருக்கும் நிம்மதி. பழத் தண்ணீர் வயிற்றில் நின்றுவிட்டது என்றாள் அம்மா. எத்தனை நல்ல பிள்ளை, இருக்கிற இடம் தெரியவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். துணியும் நனையவில்லை. டேங்கர் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற ஊரில், துவைக்கத் துணி குறைந்தால் யார் வருத்தப்படுவார்கள்? தையலைப் பார்க்கத் தெரிந்த நர்ஸம்மா ஒருவரை அம்மா வீட்டுக்கே அழைத்துவந்தாள், பச்சை உடம்பை ஆட்டோவில் குலுக்கக் கூடாது என்று. அவர் பிள்ளையைக் காட்டுங்கள் என்று கேட்டபோது, தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். எடை போடவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். என் பிள்ளை அழுதும் பார்த்துவிட்டது.

பதினோராம் நாள் காலையில் மதினிதான் முதலில் கண்டாள். என் பக்கம் வந்து குனிந்தவள், பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்த்தாள். கை தொப்பென்று விழுந்தது. பிறகு தானாகவே வெட்டி வெட்டி இழுத்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது, கண் பாதி திறந்திருந்தது. அவள் போட்ட சத்தத்தில் அண்ணன் கடையிலிருந்து கையில் கிரீஸோடு ஓடிவந்தான். கடை வாசலில் நின்ற லோடு ஆட்டோவில் ஏறினோம். நான், அம்மா, மதினி, அண்ணன். மதினி தன் மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாள்.

பாதி வழியில் அம்மா திடீரென்று என் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கி மதினியின் மடியில் போட்டாள். "குடு, குடு" என்றாள். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. மதினி அழுதுகொண்டே பிள்ளையின் வாயை மாரில் வைத்து அழுத்தினாள். பிள்ளைக்குச் சப்பத் தெம்பு இல்லை. பால் கன்னத்தில் வழிந்து, காதோரம் இறங்கி, சுற்றியிருந்த துணியை நனைத்தது. மூன்று நாளாக நனையாத துணி அது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அருப்புக்கோட்டையில் ஊசி போட்டு உடனே மதுரைக்கு அனுப்பினார்கள். பதினெட்டு நாள் அங்கே இருந்தோம். உடம்பில் நீரே இல்லை, உப்பு ஏறிவிட்டது, சர்க்கரை இறங்கிவிட்டது, அதனால்தான் இந்த வலிப்பு வெட்டு வந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். கோபப்படவில்லை. தினமும் இப்படி ஒரு பிள்ளையைப் பார்க்கிறவர் போல, வீட்டில் பால் கொடுக்கும் பெண்கள் வேறு யாரும் இல்லையா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். மதினி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள்.

அங்கே எனக்கு வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்தேன். நான்காவது நாள் பால் இறங்கியது. பீய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்தால் குழாய் வழியாகப் பிள்ளைக்கு ஊற்றினார்கள். இத்தனையும் எனக்குள்ளேதான் இருந்திருக்கிறது.

பிள்ளை பிழைத்தது. பந்தல்குடிக்குத் திரும்பிய அன்று, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நான் கண்ணை மூடிக் கிடந்தேன். அம்மா மதினியிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

"அன்னைக்கு ஆட்டோவுல குடுத்தியே, கொஞ்சமாச்சும் உள்ள போச்சா?"

"போகல மாமி" என்றாள் மதினி.

அல்ஹம்துலில்லாஹ் என்றாள் அம்மா. எனக்கு எழுந்து அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. எழவில்லை.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தலை நிற்க ஏழு மாதம் ஆனது. மூன்றரை வயதில் நடந்தாள். இப்போது எட்டு வயது. அம்மா, மாமா, தண்ணி, வேணாம் என்று பத்துப் பதினைந்து சொல் பேசுவாள். வெட்டுக்கு மாத்திரை தினமும் உண்டு. வாரம் மூன்று நாள் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன். பல்லைத் தேய்க்கவும், பட்டனைப் போடவும், கரண்டியைப் பிடிக்கவும் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். பட்டன் போடக் கற்றுக்கொள்ள அவளுக்கு ஒரு வருஷம் ஆனது. அன்றைக்கு நான் வீட்டுக்காரருக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார். பழம் இப்போதும் அனுப்புகிறார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைப்பேன். அவர் கையிலிருந்து அதையும் பிடுங்கிவிட்டால் அவர் என்னதான் செய்வார் என்று விட்டுவிடுவேன்.

ஒருமுறை எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் மனசு பொறுக்காமல் கேட்டேன். மார்க்கம் அந்தப் பிள்ளைகளைக் கட்டிவைக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறது, பால் கொடுக்க வேண்டாம் என்று எங்கே சொன்னது என்றார். பசித்த பிள்ளைக்குப் பால் கொடுப்பது பெரிய நன்மை அம்மா என்றார். நாங்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டோம். அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் தொழுகைப் பாயை மடித்துக்கொண்டே, எல்லாம் அவன் எழுதினது என்றாள். அவள் கைக்குள் இருந்ததை எல்லாம் அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

போன நோன்புப் பெருநாளுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு பந்தல்குடிக்குப் போயிருந்தேன். மதினியின் அண்ணன் குடும்பமும் வந்திருந்தது, ஐந்து வயது மகளோடு. அது துறுதுறுவென்று வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை. என் அண்ணன் அதைக் காட்டி, தன் மகனைப் பார்த்து, உன் பொண்டாட்டி வந்துட்டாடா, பெருநாள் காசு குடு என்று கேலி செய்தான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் அண்ணன் கண் என் மேல் பட்டுவிட்டது. அவன் எழுந்து கடைப் பக்கம் போய்விட்டான்.

என் மகள் அப்போது அந்தப் பையனின் புதுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் நல்ல பிள்ளை. அவள் வாயோரம் வழிந்த சேமியாவைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டான். யாரும் சொல்லித் தரவில்லை.

விருந்தாளிகள் போன பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் முதுகைத் தடவினாள். ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொல்கிறவள் போல, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காத புள்ள. அவனுக்கு வேற எடம் பாத்துக்கிருவோம். இதுக ரெண்டும் அண்ணன் தங்கச்சி மாதிரி இருந்துட்டுப் போகட்டும்."

மதினி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

"அதுக்கு அன்னைக்கே ஒரு வாய்ப் பால் போதுமேம்மா" என்றேன்.

அம்மாவின் கை என் முதுகிலேயே இருந்தது. எடுக்கவும் இல்லை, தடவவும் இல்லை. மதினி குழாயைத் திறந்து மிச்சப் பாத்திரத்தைக் கழுவத் தொடங்கினாள். மகளுக்கு மாத்திரை நேரம் ஆகிவிட்டதால் நான் எழுந்து போனேன்.